எட்டுக் கல் ஏற்றிய வள்ளம்

2002

பிப்ரவரி 11

இட்லி மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிட்டது. ஒற்றை ஆளுக்கு எவ்வளவு உளுந்து போடுவது என்பது மனைவி போய் நான்கு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த எரிச்சலோடு அருங்காட்சியகத்துக்குப் போனால், புன்னைத்துறைக் காயலில் தூர் வாருகிற ஒப்பந்தக்காரரின் ஆள் வாசலில் நிற்கிறான். சேற்றுக்குள் ஒரு மரம் தட்டுப்பட்டதாம். குடைந்த மரமாம். வள்ளம் போல இருக்கிறதாம்.

எங்கள் அறக்கட்டளை அருங்காட்சியகத்தில் இருப்பவை மூன்று மூக்கில்லாத சிலைகள், ஒரு திமிங்கிலத்தின் விலா எலும்பு, தலைவரின் தாத்தா ஏறிய பல்லக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல்லக்கில் ஏறிப் பார்த்துத் தண்டை உடைத்ததுதான் இதுவரை இங்கே நடந்த பெரிய சம்பவம். முப்பத்தோரு வருடமாகச் சிதம்பரதாணு ஆகிய நான் இதற்குக் காப்பாளன். அடுத்த வருடம் ஜூன் வந்தால் ஓய்வு.

அவனோடு காயலுக்குப் போய், கையை முழங்கை வரை சேற்றுக்குள் விட்டுத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று உள்பக்கம் வளைந்து போயிற்று. ஒட்டு இல்லை. ஒற்றைத் தடி. வீட்டுக்கு வந்து இரண்டு முறை கை கழுவினேன். வாசனை போகவில்லை, போக வேண்டாம் என்றும் இருந்தது.

பிப்ரவரி 13

வள்ளம் கரையேறியது. இருபத்திரண்டு அடி. ஓர் ஆணி இல்லை, ஒரு தையல் இல்லை. அயினி மரம் என்று காவலாளி தங்கசுவாமி முகர்ந்தே சொன்னான். உள்ளே எட்டுக் கற்கள் ஒரே வரிசையில் இருந்தன. பாரம் ஏற்றிப் போகும்போது மூழ்கியிருக்க வேண்டும். அதில் ஒன்று நடுவில் தேய்ந்த அரைக்கும் கல். கடல் வணிகர்கள் கூடவே கொண்டுபோன சமையல் கருவியாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

எனக்கு மிகப் பெரிய ஆச்சரியம், மரத்தில் புழு அரித்த துளை ஒன்றுகூட இல்லை. உப்புநீரில் கிடக்கும் மரத்தைக் கப்பல்புழு விட்டு வைக்காது. பார்க்கப் புழுவாக இருந்தாலும் அது சிப்பியின் இனம். தலையில் இருக்கும் சின்ன ஓட்டால் மரத்தைத் துருவித் துருவி இரண்டே வருடத்தில் பலகையைச் சல்லடையாக்கிவிடும். இந்த அயினியை எப்படி விட்டது? பழையவர்கள் என்ன எண்ணெய் பூசினார்களோ.

கரையில் பெண்கள் நாருக்காகத் தேங்காய்த் தொண்டு அழுகவைக்கும் இடத்தில் நின்று பார்த்தார்கள். எவ்வளவோ காலத்துப் பொருள் மேலே வருகிறது, ஒருத்தர்கூட வாயைப் பிளக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், ரோணிக்கம்மாளிடம் சொன்னீர்களா என்று யாரையோ கேட்டார். அவள் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறாள் என்று பதில் வந்தது. ஊர் வம்பு.

பிப்ரவரி 14

கேஸ் வரவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சி.

பிப்ரவரி 20

பேப்பரில் வந்துவிட்டது. கால் பக்கம், படத்தோடு. "எண்ணூறு ஆண்டுப் பழமையான வள்ளம்." வள்ளத்தின் தலைமாட்டில் கை வைத்து நான் நிற்கிறேன். தொப்பை கொஞ்சம் தெரிகிறது, பரவாயில்லை. பக்கத்தை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

எண்ணூறு என்று நிருபரிடம் சொன்னது நான்தான். ஆணி இல்லை, துறைமுகத்துக்குப் பக்கம், கல் பாரம். கணக்குப் போட்டால் அப்படித்தான் வருகிறது. துளி மரம் வெட்டி வடக்கே ஓர் ஆய்வகத்துக்கும் அனுப்பியாயிற்று. அவர்கள் சொல்லப் போவது கூடக்குறைய அதுவாகத்தான் இருக்கும்.

வரவேற்புப் பலகைக்கு எழுத ஆரம்பித்திருக்கிறேன். மனிதன் சக்கரம் செய்வதற்கு ஆயிரக்கணக்கான வருடம் முன்பே மரத்தைக் குடைந்து தண்ணீரில் இறங்கிவிட்டான். மரம் இருந்த இடத்தில் எல்லாம் வள்ளம் இருந்தது. கனமில்லாத மரம் கிடைத்த கரையில் கட்டுமரம், பருத்த மரம் கிடைத்த கரையில் குடைந்த வள்ளம். நெருப்பு வைத்துக் கரிய விட்டு, கரிந்ததைச் செதுக்கி, மறுபடி நெருப்பு வைத்து. கடைசியில் வெந்நீர் ஊற்றி, குறுக்கே கம்பு கொடுத்து, பக்கங்களை அகட்டுவார்கள். ஒரு மரத்தின் வயிறு அப்படித்தான் விரியும். இந்த வரி எனக்கே பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 23

ரோணிக்கம்மாள் என்பவள் வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், நாருக்காகத் தொண்டு தல்லித் தல்லிக் காய்த்துப்போன கை. வள்ளத்தின் பக்கத்தில் போய் நின்று விளிம்பைத் தடவினாள். தொடக் கூடாது என்றேன்.

"சாரே, இது எனக்க தம்பிக்க வள்ளம்."

சிரிப்பு வந்தது. மரியாதைக்கு அடக்கிக்கொண்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டு வந்தால் உதவும்.

அறுபத்தெட்டில் அவள் அப்பன் வீட்டு முற்றத்து அயினியை வெட்டிக் குடைந்ததாம். அப்பனுக்குப் பிறகு தம்பி அருளப்பன் அதில் தொண்டு ஏற்றினானாம். குடி முற்றி, ஒருநாள் வள்ளத்தையே அடகு வைக்கப் போனானாம். அப்போது இவள் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் துரத்தினாளாம். 1979. துரத்தினாலும் ஒன்று சொல்லித்தான் அனுப்பினாளாம்.

"குடிய விட்டுட்டு வா, அதுவரைக்கும் ஒனக்க வள்ளம் வெள்ளத்துல பத்திரமா கெடக்கும்ன்னு சொன்னேன். நான் இருக்குத வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன்னும் சொன்னேன்."

அன்றே கல் ஏற்றி வள்ளத்தை மூழ்கடித்தாளாம். வெயிலில் போட்டால் அயினி வெடிக்கும், தண்ணீருக்குள் கிடந்தால் எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும் என்றாள். காயலில் உப்பு ஏறிப் புழு வரும் மாதத்தில் கல்லை எடுத்து, மிதக்க விட்டு, மேற்கே ஓடையின் நல்லவெள்ளத்துக்கு, உப்பில்லாத தண்ணீருக்கு, இழுத்துப் போவாளாம். ஐப்பசி மழையில் உப்பு இறங்கினால் திரும்பவும் கொண்டுவருவாளாம். இருபத்து மூன்று வருடமாக. கரையில் எல்லோருக்கும் தெரியுமாம்.

அரைக்கும் கல்லைக் காட்டி, அது தன் வீட்டு அம்மி உடைந்த துண்டு என்றும் சொன்னாள். அதற்கு நான் ஏற்கெனவே எண் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது.

ஆதாரம் இருந்தால் எழுத்துமூலம் கொடுக்கச் சொன்னேன். தனக்கு எழுதத் தெரியாது என்றாள். போகும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: நனைந்த சாக்காவது போட்டு மூடுங்கள்.

மார்ச் 2

மறுபடியும் வந்தாள். தலையில் ஈரச் சாக்குக் கட்டு. தங்கசுவாமி உள்ளே விட்டுவிட்டான், அவனுக்கு அவள் தூரத்து உறவாம். வள்ளத்தின் மேல் போட்டு மூடிக்கொண்டிருந்தவளை நான்தான் வெளியே போகச் சொன்னேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன்.

அறக்கட்டளைத் தலைவர் திறப்புவிழாவுக்கு 24-ஆம் தேதி குறித்துவிட்டார். ஈரம் சொட்டுகிற வள்ளத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? ஊறிய மரத்தை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உலர்த்த வேண்டும் என்று என்னிடம் இருக்கும் புத்தகம் சொல்கிறது. பக்கம் 112. நானே அடிக்கோடு போட்ட பக்கம். தலைவரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று போனேன். அவர் பேப்பர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருந்தார். சால்வைக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று என்றார்.

சாக்குகளை எடுத்துவிட்டு நான்கு மின்விசிறி போடச் சொன்னேன்.

மார்ச் 9

சனிக்கிழமை, பிள்ளைகள் கூட்டம். தண்ணீர்க் குடம் ஒன்று உடைந்தது. நாலு மணிக்கு ஒரு போன். யாரோ ஒருவர், வள்ளத்தைப் பற்றி. யாரும் உரிமை கேட்டு வரவில்லை என்றேன். எழுத்துமூலம் எதுவும் வரவில்லை என்பது உண்மைதானே.

மார்ச் 10

வயிறு சரியில்லை. மோர் மட்டும்.

மார்ச் 16

பகல் பதினொன்றரைக்குப் பூட்டிய அறைக்குள் பட்டென்று ஒரு சத்தம். கல்லெறிந்த மாதிரி. ஓடிப் போய்த் திறந்தேன். தலைமாட்டிலிருந்து நடுவயிறு வரை ஒரு கோடு. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இன்னொரு சத்தம். மத்தியானத்துக்குள் கால்மாடு வரை ஓடிவிட்டது. உள்ளங்கை அகலம்.

தங்கசுவாமி மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

மரத்தூளையும் வச்சிரப் பசையையும் குழைத்து நாங்கள் இருவரும் சாயங்காலம் வரை அடைத்தோம். தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. கயிறு கட்டி, கிட்டே போகக் கூடாது என்று பலகை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 24

திறப்புவிழா. சால்வை மூன்று. தலைவர் பேச்சில் வள்ளத்துக்கு ஆயிரம் வயது ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ரோணிக்கம்மாள் வந்தாள். கயிற்றைத் தாண்டவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தாள், அடைத்த இடத்தைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. சண்டை போடுவாள் என்று வாதங்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். "மரம்லா, அது என்ன செய்யும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். சண்டையே போட்டிருக்கலாம்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. அலுவலகம் விடுமுறை, ஆனாலும் போய் உட்கார்ந்திருந்தேன். இந்த மாதம் போன் அடிக்கும்போதெல்லாம் நானே ஓடி எடுக்கிறேன். தங்கசுவாமி ஒரு மாதிரி பார்க்கிறான்.

மே 6

ஆய்வகத்துக் கடிதம் வந்தது. ஒரே பக்கம். அணுகுண்டுச் சோதனைகள் தொடங்கிய பிறகு காற்றில் கூடிப்போன கதிரியக்கக் கரியின் அடையாளம் இந்த மரத்தில் இருக்கிறதாம். ஆகவே ஐம்பதுகளுக்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருந்த மரம். அறுபதுகளின் பிற்பகுதியில் வெட்டப்பட்டிருக்கலாம் என்று கருதுகிறார்களாம். கீழே பணிவன்புடன்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு அதிர்ச்சி இல்லை. அதுதான் அதிர்ச்சியாக இருந்தது.

மே 7

மார்ச் 9-ஆம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். நாலு வரி. என் சொந்த நோட்டிலேயே மழுப்பியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று மழுப்பினேனோ. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

போன் செய்தவர் பேசியது இந்தக் கரைப் பேச்சு. ஆனால் பல வருடம் வெளியே இருந்தவரின் பேச்சு. பின்னால் எஸ்.டி.டி. பூத் மீட்டர் கீச்சிட்டது. தூரத்திலிருந்து கூப்பிடுகிறேன் என்றார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. பேப்பர் ஏதோ பொட்டலத்தில் வந்ததாம். படத்தில் வள்ளத்தைப் பார்த்தாராம்.

"அந்த வள்ளத்தக் கேட்டு ஒரு அக்கா வந்தாவளா சார்?"

"யாரும் வரவில்லை" என்றேன்.

மீட்டர் இன்னும் இரண்டு முறை கீச்சிட்டது. பிறகு, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார். "நான் குடிய விட்டு ஆறு வருசம் ஆச்சு சார்." இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஆமாம், அப்படித்தான் கேட்டேன். "அவிய இருந்தா வள்ளத்த வெள்ளத்துலேந்து எடுக்க விட்டிருக்க மாட்டாவ. அப்ப அவிய இல்ல போல" என்றார். வச்சிருதேன் சார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

அக்கா என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு ஆள் யார் என்று தெரியும். ஒரு வாரத்துக்கு முன்னால்தான் அந்த அக்காவை நான் சத்தம் போட்டு வெளியே அனுப்பியிருந்தேன். வந்தார்கள் என்று சொன்னால் எண்ணூறு வருடம் போய்விடும். மேசைக் கண்ணாடிக்கு அடியில் என் படம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. காரணம் அவ்வளவுதான், அதைவிடப் பெரிதாக எதையாவது கண்டுபிடிக்கலாம் என்று இரண்டு மாதமாகப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

டெலிபோன் ஆபீசில் போய்க் கேட்டேன். உள்ளே வந்த அழைப்பு எந்த ஊரிலிருந்து என்று எடுக்க முடியாதாம், அதுவும் இத்தனை நாள் கழித்து.

மே 9

புன்னைத்துறைக்குப் போனேன். ரோணிக்கம்மாள் காயல் கரையில் உட்கார்ந்து ஊறின தொண்டுகளைக் கட்டையால் தல்லி நார் எடுத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். வள்ளம் நீங்கள் சொன்னதுதான், ஆய்வகமும் சொல்லிவிட்டது என்றேன். கட்டை நிற்கவில்லை. அதை எதற்கு ஆய்வகம் சொல்ல வேண்டும் என்பது போல.

போன் வந்ததைச் சொன்னேன். அப்போதும் தொண்டின் மேல் இரண்டு அடி விழுந்தது. குடியை விட்டு ஆறு வருடம் ஆச்சாம் என்றதும்தான் கட்டை மடியில் நின்றது.

"ஆறு வருசமா?"

ஆமாம் என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். தலைத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குச் சகிக்க முடியாமல் இருந்தது. ஏனென்றால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

"நீங்க என்ன சொன்னிய சாரே?"

சொன்னேன். அவர் கட்டையை எடுத்தார். தொண்டு மூன்றைத் தல்லி முடித்தார். நாரை உதறி வெயிலில் போட்டார்.

"நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டு இருக்கான்" என்றார் கடைசியில். என்னிடம் அல்ல.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குரல் எப்படி இருந்தது, இருமினானா, பக்கத்தில் பிள்ளைகள் சத்தம் ஏதாவது கேட்டதா என்று வரிசையாகக் கேட்டார். இருமல் இல்லை என்று மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. மற்றதெல்லாம் நான் கவனிக்கவில்லை.

வள்ளத்தைத் திரும்பக் கொண்டுவந்து காயலில் இறக்கிவிடுகிறேன், ஊறினால் வெடிப்பு கொஞ்சம் மூடிக்கொள்ளும் என்றேன். நல்லது செய்கிற நினைப்பில்தான் சொன்னேன். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"அவன் அத ஒங்க எடத்துலதான் பாத்திருக்கான். தேடுனா அங்கதான் தேடுவான். அங்கயே கெடக்கட்டும்."

மே 19

பேப்பருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வள்ளம் பழமையானது அல்ல, பிழை என்னுடையது, உரியவர் அருளப்பன், அவருடைய அக்கா ரோணிக்கம்மாள் நலமாக இருக்கிறார், தம்பியை எதிர்பார்க்கிறார். இன்று வந்திருக்கிறது. ஐந்தாம் பக்கம் மூலையில், படமில்லாமல், ஐந்து வரி. பிழை என்னுடையது என்பது வரைக்கும் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு இடமில்லையாம்.

நேரில் போய்ச் சண்டை போட்டேன். காணவில்லை பகுதியில் விளம்பரமாகக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்திருக்கிறேன், வாராவாரம் வரும். எந்த ஊர்ப் பதிப்பு என்று கேட்டபோது எல்லா ஊரும் என்றேன்.

மே 22

தலைவர் கூப்பிட்டுவிட்டார். முப்பது நாற்பது வருடத்துத் தொண்டு வள்ளத்தை அருங்காட்சியகத்தில் வைத்தால் ஊர் சிரிக்கும், விறகுக்குப் போடு என்றார். முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக அவர் எதிரில் உட்கார்ந்து பேசினேன். வள்ளம் போனால் சேர்ந்தே என் ராஜினாமாவும் போகும், ஏன் போனது என்று நிருபரிடம் நானே சொல்வேன் என்றேன். அவருக்கும் ரிப்பன் வெட்டின படம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். உன் ஓய்வு வரைக்கும் கிடக்கட்டும் என்றார். ஒரு வருடம் இருக்கிறது.

வரவேற்புப் பலகையை அழித்து மறுபடி எழுதினேன். சக்கரம், நெருப்பு, மரத்தின் வயிறு எதுவும் இல்லை. இது புன்னைத்துறை அருளப்பனின் வள்ளம். அவருடைய அக்கா இதை இருபத்து மூன்று வருடம் தண்ணீருக்குள் வைத்துக் காத்தார். தவறாக உலர்த்தியதால் வெடித்தது. இவ்வளவுதான் எழுதினேன். அம்மித் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, பார்க்க வந்த ரோணிக்கம்மாள் கையில் கொடுத்தேன். உடைந்த அம்மியை வைத்து என்ன செய்ய என்று அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 15

சனிக்கிழமைகளில் இப்போது ரோணிக்கம்மாள் வருகிறார். அந்தப் போன் சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தது என்று நான் சொன்னதிலிருந்து. மூன்று மணிக்கே வந்துவிடுவார். என் மேசைக்கு எதிர் நாற்காலியில், போனைப் பார்த்தபடி, ஐந்தரை வரை. தங்கசுவாமி டீ வாங்கிவந்து கொடுக்கிறான். எங்களுக்குள் அதிகம் பேச்சில்லை. மழை பிடித்துவிட்டது, பொழி என்ற முகத்துவார மணல்திட்டு முறிந்து காயல் கடலோடு சேர்ந்து உப்பு ஏறிவிட்டது என்று இன்று சொன்னார். இந்த மாதமெல்லாம் வள்ளத்தை எங்கே இழுத்துப் போடுவது என்ற கவலையில் இருப்பாராம். இந்த வருடம் அந்த வேலை இல்லை.

நாலேகாலுக்குப் போன் அடித்தது. நான் கை நீட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார். ஹலோ சொல்லவில்லை. யார் என்று கேட்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு,

"வந்தேன்லே. அக்கா அன்னைக்கே வந்தேன்" என்றார்.

அந்தப் பக்கம் என்ன கேட்டதோ தெரியவில்லை. பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். அறுபது பிள்ளைகளை அழைத்து வரலாமா, திங்கட்கிழமை திறந்திருக்குமா என்று தயக்கத்தோடு கேட்டார். திறந்திருக்கும், வரலாம் என்றேன். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டேன்.

ரோணிக்கம்மாள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மணி ஐந்தரை ஆக இன்னும் நேரம் இருந்தது. அன்று என்னிடம் அந்த மனிதர் கேட்டதற்கு, வந்தாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாயிருந்தது.